2,000 ரூபாய் ஹெட்போனை வாங்கிய வாரத்திலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி?

1,500 ரூபாயிலிருந்து 3,000 ரூபாய் வரையிலான விலையில் புளூடூத் ஹெட்போன் வாங்க நினைப்பவர்கள் எடுத்தவுடன் கேட்பது, ‘சவுண்டு எப்படி இருக்கிறது?’ என்பதுதான். அந்தக் கேள்வியை மூன்றாவதாகக் கேட்டால் போதும் என்பது என் கருத்து. இந்த விலையில் ஒலி காதுகொடுத்துக் கேட்க முடியாதபடி இருப்பது இப்போது அரிது. ஆனால் முக்கால் மணி நேரத்தில் காதை நோகடிப்பதும், அலுவலக அழைப்பில் நம் குரலைக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆக்குவதும், ஓராண்டுக்குள் மடிப்புக் கீல் விட்டுப்போவதும் சர்வசாதாரணமாக நடக்கின்றன. எனவே முதலில் காது, அடுத்து மைக், அதன்பின் ஒலி என்ற வரிசையில் சோதிப்பது நல்லது. இவை எல்லாவற்றையும், பொருளைத் திருப்பித் தரவோ மாற்றிக்கொள்ளவோ கடை அனுமதிக்கும் சில நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

வாங்குமுன் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் ஓவர்-இயர், ஆன்-இயர் என்று இரண்டு வகைகள் உண்டு. தமிழில் பேசும்போது இரண்டையுமே ‘காது மேலே வைக்கிறது’ என்றுதான் சொல்கிறோம். ஓவர்-இயர் என்பது காது மடலை முழுவதுமாக உள்ளே வாங்கிக்கொண்டு, சுற்றியுள்ள எலும்பின்மீது அமர்வது. ஆன்-இயர் என்பது மடலின் மேலேயே அழுந்தி உட்கார்வது. சோனியின் டபிள்யூஎச்-சிஎச்520 ஆன்-இயர். அதே நிறுவனத்தின் சிஎச்720என் ஓவர்-இயர். போட் ராக்கர்ஸ் 450 ஆன்-இயர், 550 ஓவர்-இயர். இணையக் கடைகளின் தேடலில் இவை கலந்தே வருவதால், படத்தை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒரு நூலை எடுத்து உங்கள் காதின் உயரத்தை அளந்து பாருங்கள். பெரியவர்களில் பலருக்கு அது 6 சென்டிமீட்டருக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். குஷனின் உட்குழி அந்த நூலைவிடச் சிறியதாக இருந்தால், பெட்டியில் ஓவர்-இயர் என்று எழுதியிருந்தாலும் உங்கள் காதைப் பொறுத்தவரை அது ஆன்-இயர்தான்.

பெட்டி கையில் கிடைத்ததும், அட்டையில் அச்சடித்த அதிகபட்ச விலையை மறந்துவிடுங்கள். 5,999 என்று அச்சிட்டு 1,499-க்கு விற்பது இந்த வணிகத்தின் வாடிக்கை. அந்தத் தள்ளுபடி தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பார்க்க வேண்டியது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரைக்கு அருகில் உள்ள, ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணை. கம்பியில்லா ஹெட்போன்கள் இந்தியாவில் கட்டாயப் பதிவுத் திட்டத்துக்குள் வருவதால் அந்த எண் இருந்தாக வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அதை உள்ளிட்டால் பதிவு யார் பெயரில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். சென்னை ரிச்சி தெருவில் பிரபல நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய ஹெட்போன் ஒன்று நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால், பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம்.

இனி காதுச் சோதனை. பாட்டு எதுவும் போடாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வழக்கமான வேலையைப் பாருங்கள். கடையில் இரண்டு நிமிடம் மாட்டிப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. அழுத்தம் தன்னைக் காட்டிக்கொள்ளவே 20, 30 நிமிடங்கள் ஆகும். உச்சந்தலையில் ஒரே புள்ளியில் வலித்தால் பட்டையின் திண்டு போதாது. தாடையின் மேற்புறம் கடுத்தால் பிடிப்பு அதிகம்; அதைச் சில புத்தகங்களை அடுக்கி, அவற்றின்மேல் இரவு முழுவதும் மாட்டி வைத்துக் கொஞ்சம் தளர்த்தலாம். காது மடலின் நுனி உள்ளேயிருக்கும் துணியைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அதற்குப் பரிகாரமே இல்லை. திருப்பிக் கொடுப்பதுதான் வழி. 250 கிராமுக்குக் கீழே இருப்பது நல்லது என்றாலும், எடையைவிட அது எங்கே இறங்குகிறது என்பதே முக்கியம்.

நம் ஊரில் இந்தச் சோதனையை ஏசி அறையில் செய்து பயனில்லை. மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், பகல் இரண்டு மணிக்குச் செய்து பாருங்கள். செயற்கைத் தோல் போர்த்திய குஷன் வெளிச்சத்தத்தை நன்றாகத் தடுக்கும்; ஆனால் கால் மணி நேரத்தில் காதைச் சுற்றி வியர்வை கோத்துக்கொள்ளும். துணிக் குஷனில் காற்று புகும், ஆனால் சத்தமும் புகும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

கண்ணாடி அணிபவர்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். ஒரு பாட்டை ஓடவிட்டு, இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் பாஸ் சட்டென்று கனத்தால், கண்ணாடியின் காம்பு குஷனைத் தூக்கி, அந்த இடைவெளி வழியாகத் தாழ்ந்த ஒலி கசிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இணையத்தில் ஒருவர் புகழும் பாஸ் இன்னொருவருக்குக் கேட்காமலே போவதற்குப் பல நேரங்களில் இந்தக் கசிவுதான் காரணம்.

இரண்டாவது மைக். இதை வாட்ஸ்அப் குரல்பதிவில் சோதிப்பவர்கள் பலர். அந்தப் பதிவு ஹெட்போன் மைக்கிலிருந்து வராமல் போனின் சொந்த மைக்கிலிருந்தே வந்திருக்கக் கூடும் என்பதால் அது சாட்சியாகாது. ஒரு நண்பருக்கு உண்மையான அழைப்புப் போட்டு, மின்விசிறிக்குக் கீழே ஒரு நிமிடம், சமையலறையில் மிக்ஸி ஓடும்போது ஒரு நிமிடம், தெருவோரத்தில் ஒரு நிமிடம் பேசுங்கள். ‘கேட்கிறதா?’ என்று கேட்டால் கேட்கிறது என்றுதான் சொல்வார். அதற்குப் பதிலாக ஒரு பத்து இலக்க எண்ணைச் சொல்லி அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறினால் விடை கிடைத்துவிட்டது.

மடிக்கணினியில் இணைப்பவர்களுக்கு வேறொரு அதிர்ச்சி காத்திருக்கிறது. பாட்டு தெளிவாக ஒலித்துக்கொண்டிருக்கும். இணையவழிக் கூட்டத்தில் சேர்ந்த நொடியில் எல்லாக் குரல்களும் பழைய டெலிபோன்போல ஆகிவிடும். இது பழுதன்று. புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, இருபக்கப் பேச்சுக்கு வேறு வழி. பேச்சு வழியில் ஒலி நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகச் சுருங்குகிறது, பாட்டுக்கோ வழக்கமாக 44,100. கணினியின் ஒலி அமைப்பில் ஒலிவாங்கியாக மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால், கேட்கும் ஒலி பழைய தெளிவுக்குத் திரும்பிவிடும். இது தெரியாமல் நல்ல ஹெட்போனைத் திருப்பி அனுப்பியவர்களை நான் அறிவேன்; அவர்களில் நானும் ஒருவன்.

மூன்றாவதாக ஒலி. உங்களுக்கு மனப்பாடமான பதிவுகளையே போடுங்கள். புதிய பாட்டில் எது பதிவின் குணம், எது ஹெட்போனின் குணம் என்று பிரித்தறிய முடியாது. எனக்கு மிகவும் உதவுவது மிருதங்கத் தனி ஆவர்த்தனம். இடப்பக்கத் தொப்பியின் ‘தொம்’ எழுந்து, உருண்டு, அடங்க வேண்டும். அது அடங்குவதற்குள் வலந்தலையின் ‘நம்’ அதன் மேலே தனியாக, விளிம்போடு கேட்க வேண்டும். மலிவு விலை ஹெட்போன்களில் பெரும்பாலானவை பாஸைத் தூக்கியே விற்கப்படுகின்றன. அவற்றில் தொப்பி ஊதிப் பெருத்து, வலந்தலை அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் மங்கிவிடும். முதல் நாள் அந்த ஊதல் பிரமாதமாகத் தோன்றும். நான்காம் நாள் தலை கனக்கும். அடுத்து யாராவது செய்தி வாசிப்பதைக் கேளுங்கள். ‘ச’, ‘ஸ’ வருமிடங்களில் சீறல் காதைக் குத்தினால் மேல் ஒலிகள் மிகையாக இருக்கின்றன. பின்பு எதுவும் ஓடாத அமைதியில், இரவில், ‘உஸ்’ என்ற இரைச்சல் கேட்கிறதா, ஒலியளவின் மிகக் கீழ்ப் படியே சத்தமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சில ஹெட்போன்களில் ‘பவர் ஆன்’ என்று கத்தும் அம்மாளின் குரலை எந்த வகையிலும் தணிக்க முடிவதில்லை.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பலவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். 40 மில்லிமீட்டர் டிரைவர் என்பது ஒலியை எழுப்பும் பகுதியின் அளவு, தரமன்று. கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) பெயர்களில் ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஏஏசி போதும், ஆப்ட்எக்ஸும் எல்டிஏசியும் அந்தப் போனில் வேலை செய்யா. படத்தில் உதடும் குரலும் பொருந்தாமல் போவதை வீடியோ செயலிகள் பெரும்பாலும் தாமே சரிசெய்துகொள்கின்றன. விளையாட்டுச் செயலிகளால் அது முடியாது என்பதால், விளையாடுபவர்கள் மட்டும் துப்பாக்கி சுடும் நொடியையும் சத்தம் வரும் நொடியையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

ஒரே ஓர் எழுத்து மாறுவதை மட்டும் கவனமாகப் படிக்க வேண்டும். ஏஎன்சி என்பது வெளிச்சத்தத்தை மைக்கில் வாங்கி, அதற்கு நேர்எதிரான அலையை எழுப்பி, உங்கள் காதில் அதைத் தணிப்பது. ஈஎன்சி என்பது நீங்கள் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு இரைச்சல் குறைவதற்கானது. உங்கள் காதுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. விளம்பரத்தில் இரண்டும் ‘நாய்ஸ் கேன்சலேஷன்’ என்றே வரும். உண்மையான ஏஎன்சி இருந்தால், மின்விசிறிக்குக் கீழே பாட்டில்லாமல் உட்கார்ந்து அதை இயக்கியும் நிறுத்தியும் பாருங்கள். விசிறி, ஏசி, பேருந்து எஞ்சின் போன்ற தாழ்ந்த, சீரான இரைச்சலை அது குறைக்கும். பக்கத்து இருக்கையின் பேச்சையும் பேருந்தின் ஏர்ஹாரனையும் குறைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். (வண்டி ஓட்டும்போது எந்த ஹெட்போனும் வேண்டாம்.)

பேட்டரி மணிக்கணக்கு பெரும்பாலும் நடுத்தர ஒலியளவில், ஏஎன்சி இல்லாமல் கணக்கிடப்படுவது. முழுதாகச் சார்ஜ் செய்து, மூன்று நாள் உங்கள் போக்கில் பயன்படுத்தி எத்தனை சதவீதம் குறைந்தது என்று குறித்துக்கொண்டால் போதும். சார்ஜ் ஏறவில்லை என்று பதறுமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள்: விலை குறைந்த சில ஹெட்போன்களில், சார்ஜரை மின்சாரம் தரச் சொல்லும் 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டையும் சார்ஜிங் துளைக்குள் வைக்காமல் மிச்சம் பிடித்துவிடுவதால், இருமுனையும் டைப்-சியாக உள்ள கேபிளில் அவை உயிர் பெறுவதில்லை. பழைய அகல யுஎஸ்பி முனை கொண்ட கேபிளில் ஏறும்.

ஒலியளவை எங்கே வைத்துக் கேட்கிறீர்கள் என்பதும் சோதனையின் ஒரு பகுதி. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் காட்டும் எல்லை, 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபெலுக்குப் போனால் அது 4 மணி நேரமாகக் குறைகிறது. பேருந்தில் பாட்டு கேட்க 80 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தால், குஷன் சத்தத்தைத் தடுக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

கடைசியாக ஆயுள். பட்டையை உங்கள் தலை அளவுக்கு நீட்டி, கிண்ணங்களை இருபுறமும் விரித்து மூடுங்கள். கீல் கிறீச்சிட்டால் அல்லது மெல்லிய பிளாஸ்டிக் வெளுத்து வரி விழுந்தால் அங்கேதான் அது உடையப் போகிறது. செயற்கைத் தோல் நம் ஈரக் காற்றிலும் வியர்வையிலும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் உரியும். என் பழைய ஹெட்போன் ஒன்று நாள்தோறும் சட்டைக் காலரில் கறுப்புச் செதில்களை உதிர்த்துக்கொண்டிருந்தது. ஒலி கடைசிவரை நன்றாகவே இருந்தது, குஷனோ ஒட்டப்பட்டிருந்ததால் மாற்ற வழியில்லை. எனவே குஷனின் விளிம்பைச் சற்றே இழுத்து, கழற்றி மாட்டக்கூடியதா என்று பார்ப்பதும், அந்த மாடலுக்கு மாற்றுக் குஷன் விற்கிறதா என்று தேடுவதும் முக்கியம்.

கெடு முடியும்வரை பெட்டியையும் உள் பைகளையும் கிழிக்காமல் வைத்திருங்கள். இணையக் கடைகளில் பல பொருட்களுக்குப் பணம் திரும்பாது, அதே மாடல்தான் மாற்றித் தரப்படும் என்பதை வாங்குமுன்பே படித்துவிடுங்கள். அப்படியானால், காதுக்குப் பொருந்தாத மாடலுக்குப் பதிலாக வருவதும் காதுக்குப் பொருந்தாத அதே மாடல்தான். ஆகவே காதுச் சோதனையை மட்டுமாவது நண்பரின் ஹெட்போனிலோ கடையின் காட்சிப்பொருளிலோ முன்கூட்டியே செய்துவிடுவது நல்லது. பழுதான பொருளை மாற்றித் தர விற்பனையாளர் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவுசெய்யலாம். ரசீதும், பழுதைக் காட்டும் சிறு வீடியோவும் கையில் இருக்கட்டும்.