பெத்தாங்க் குண்டில் துரு எடுப்பது எப்படி? நம்ம ஊர் உப்புக் காற்றுக்கு ஏற்ற முறை

பெத்தாங்க் (இரும்புக் குண்டுகளை வீசி, சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தும் பிரெஞ்சு ஆட்டம்) ஆடப் புதிதாக வருகிறவர்கள் மைதானத்தில் என்னிடம் அதிகம் கேட்பது குறி பார்ப்பதைப் பற்றி இல்லை. "குண்டு துரு பிடிச்சிருச்சு, எதைப் போட்டுத் தேய்க்கிறது?" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் முழுசாக எழுதி வைத்துவிடுகிறேன்.

புதுச்சேரியில் குண்டு துருப்பிடிக்க மழை பெய்ய வேண்டியதில்லை. கடல் காற்றில் வரும் உப்பும் கை வியர்வையில் உள்ள உப்பும் இரும்பின் மேல் படிந்து, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பைக்குள் மூடி வைத்த குண்டும் இப்படித்தான் பழுப்பேறுகிறது. ஆகவே துருவைத் தேய்த்து எடுப்பது பாதி வேலைகூட இல்லை. உப்பைக் கழுவி விரட்டுவதும் ஈரத்தை உடனே போக்குவதும்தான் வேலையே.

முதலில் குண்டு எந்த வகை என்று பாருங்கள்

கார்பன் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், முலாம் பூசிய பொழுதுபோக்கு செட் என்று மூன்று வகை நம்மவர்கள் கையில் இருக்கிறது. வாங்கிய பெட்டியிலோ பில்லிலோ எழுதியிருக்கும். காந்தம் ஒட்டினால் கார்பன், ஒட்டாவிட்டால் ஸ்டெயின்லெஸ் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். சூடேற்றிக் கடினமாக்கும் ஸ்டெயின்லெஸ் வகைகளிலும் காந்தம் நன்றாகவே ஒட்டும்.

ஸ்டெயின்லெஸ் என்றால் சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் மட்டும் பட வேண்டாம், பொட்டுப் பொட்டாகக் குழி விழும். முலாம் பூசிய செட்டை வினிகரில் போடாதீர்கள். முலாம் உரிந்த ஓரத்தில் துரு அடியில் புகுந்திருக்கும், அமிலம் பட்டால் மீதியும் கழன்று வரும். துடைத்து எண்ணெய் தடவி ஆடும்வரை ஆடுங்கள். இனி நான் சொல்வதெல்லாம் கார்பன் ஸ்டீல் குண்டுக்கு.

எது ஆகும், எது ஆகாது

பாத்திரம் கழுவும் லிக்விட், வெள்ளை வினிகர், ஆப்பசோடா, பழைய டூத் பிரஷ், பழைய பனியன் துணி, தையல் மிஷின் எண்ணெய். இவ்வளவுதான் தேவை. வெளிநாட்டிலிருந்து ஸ்ப்ரே வரவழைக்கத் தேவையே இல்லை.

புளி போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. புளியின் புளிப்பு துருவைக் கரைக்கும், மறுக்கவில்லை. ஆனால் குத்துவிளக்கு தேய்த்துப் பழகிய கை, புளியோடு ஒரு பிடி உப்பையும் சேர்த்துவிடும். பித்தளைக்கு அது சரி, இரும்புக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. சக்கை வேறு குண்டின் கோடுகளுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்.

டாய்லெட் கழுவும் ஆசிட்டை ஊற்றாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துரு சட்டென்று போகும், கூடவே நல்ல இரும்பையும் தின்னும். மிச்சம் தங்கும் குளோரைடு மறுபடி துருவைக் கூப்பிடும், அதன் ஆவி பக்கத்தில் இருக்கும் மற்ற இரும்புச் சாமானையும் கெடுக்கும். பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் விஷவாயு கிளம்பும், ஆளுக்கே ஆபத்து.

உப்புத்தாள், கிரைண்டர், டிரில்லில் மாட்டும் கம்பி பிரஷ் மூன்றும் வேண்டாம். சர்வதேச பெத்தாங்க் விதிப்படி குண்டின் குறுக்களவு 70.5 மி.மீ. முதல் 80 மி.மீ. வரை, எடை 650 கிராம் முதல் 800 கிராம் வரை இருக்கலாம். குண்டில் பொறித்த தயாரிப்பாளர் முத்திரையும் எடை எண்ணும் எப்போதும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. பளபளப்புக்கு ஆசைப்பட்டுத் தேய்த்து எழுத்து மழுங்கிவிட்டால் போட்டியில் அந்தக் குண்டை ஏற்க மாட்டார்கள். துரு பிடித்த குண்டோடு ஆடலாம், எண் அழிந்த குண்டோடு ஆட முடியாது.

படி 1: மண்ணை எடுங்கள்

காய்ந்த மண்ணை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, லிக்விட் போட்ட தண்ணீரில் கழுவுங்கள். காலாப்பட்டு பக்கத்துச் செம்மண்ணில் ஆடுகிறவர்கள் இதைச் செய்யாமல் "முழுக்கத் துரு" என்று முடிவுகட்ட வேண்டாம். அந்த மண்ணின் நிறமே இரும்புத் துருவின் நிறம்தான். கழுவினால் பாதி போய்விடும்.

படி 2: வினிகர்

பிளாஸ்டிக் டப்பாவில் குண்டை வைத்து மூழ்கும்வரை வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். கடையில் கிடைப்பது 4-5 சதவீத அசிட்டிக் அமிலம், தண்ணீர் கலக்க வேண்டாம். லேசான துருவுக்கு அரை மணி நேரம், கெட்டியான துருவுக்கு ஒரு மணி நேரம். நடுவில் எடுத்து பிரஷ்ஷால் கோடுகளையும் எழுத்துகளையும் தேய்த்துவிட்டு மறுபடி போடுங்கள். விடிய விடிய ஊறப் போடுவது கூடாது. துருவைத் தின்று முடித்த வினிகர் அடுத்து இரும்பைத்தான் தின்னும், மேல்பரப்பு கருத்துச் சொரசொரப்பாகும்.

படி 3: எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்

வினிகரிலிருந்து எடுத்தவுடன் குண்டு வெறும் இரும்பாக இருக்கும். அதைப் பாதுகாக்க மேலே ஒன்றுமே இல்லை. இந்த நேரத்தில் குழாயடியில் காட்டிவிட்டு, துணியில் ஒற்றி, ஜன்னலோரம் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனால், வருவதற்குள் குண்டின் மேல் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய படலம் படர்ந்திருக்கும். விரலால் தேய்த்தால் மஞ்சளாக ஒட்டும். வினிகர் வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி ஊறப் போடுவார்கள், மறுபடி அதே படலம். இந்தச் சுற்றில் என் குண்டுகளையும் நிறைய நாள் விட்டிருக்கிறேன். தீர்வு வினிகரில் இல்லை, அதற்குப் பிறகு நடப்பதில் இருக்கிறது.

முதலாவது, மிஞ்சியிருக்கும் அமிலத்தை முறிக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா கரைத்துத் தயாராக வைத்துக்கொண்டு, வினிகரிலிருந்து எடுத்த குண்டை நேராக அதில் போட்டு இரண்டு நிமிடம் உருட்டுங்கள்.

இரண்டாவது, கடைசியாக அலசும் தண்ணீர். கடலோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் அலசினால் எந்த உப்பை விரட்டப் பாடுபட்டோமோ அதையே திரும்பப் பூசிய மாதிரி. கேன் தண்ணீர் ஒரு சொம்பு போதும், அதில் அலசுங்கள். வெந்நீராக இருந்தால் இன்னும் நல்லது, குண்டு சூடேறி ஈரம் தானே பறந்துவிடும்.

மூன்றாவது, காற்றில் உலர விடாதீர்கள். உடனே துணியால் அழுத்தித் துடைத்து, ஹேர் டிரையரைக் கோடுகளுக்கு நேராகக் காட்டுங்கள். டிரையர் இல்லையென்றால் மே மாதத்து மொட்டை மாடி வெயில் ஐந்து நிமிடம் போதும். அடுப்புத் தணலில் மட்டும் வைக்காதீர்கள். குண்டு உள்ளே கூடாக இருக்கும் ஸ்டீல், அதன் கடினம் சூட்டில் பதம் பார்த்துக் கொண்டுவந்தது. சூடேற்றிக் கடினத்தை மாற்றுவது விதிப்படியே தடை.

துணி, டிரையர், எண்ணெய் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் வினிகர் பாட்டிலையே திறக்க வேண்டும். குண்டுகளை ஒவ்வொன்றாக எடுங்கள். செட்டில் உள்ள மூன்று குண்டையும் சேர்த்து எடுத்தால் முதல் குண்டைத் துடைப்பதற்குள் மூன்றாவது பழுப்பேறிவிடும்.

படி 4: எண்ணெய்

குண்டின் சூடு ஆறும் முன் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு துணியில் விட்டு, முழுக்கத் தடவி, இன்னொரு துணியால் துடைத்துவிடுங்கள். கையில் பிசுபிசுக்கக் கூடாது, லேசான மினுமினுப்பு இருந்தால் போதும். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும், நல்லெண்ணெய் பிசினாகப் பிடித்துக்கொள்ளும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டக் கெட்டிக்கார ஸ்ப்ரே, ஆனால் மாதக்கணக்கில் பாதுகாக்கும் என்று அதை நம்பி இருக்காதீர்கள்.

ஆடப் போகும்போது எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தாக வேண்டும். வீசுவதற்கு முன் குண்டில் ஒட்டியிருக்கும் மண்ணையோ வேறு எதையுமோ ஆட்டக்காரர் துடைத்துவிட வேண்டும் என்பது விதி. எங்கள் மைதானத்தில் ஒரு வயதான சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) இருக்கிறார். பழைய லுங்கித் துண்டு ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு வீச்சுக்கு முன்னும் குண்டை அதில் இரண்டு சுற்று சுற்றித்தான் கையில் எடுப்பார். ஆட்டம் முடிந்து பையில் வைப்பதற்கு முன்னும் அதே இரண்டு சுற்று. வியர்வை உப்பு அன்றன்றைக்கே போய்விடுவதால் அவருடைய குண்டுகள் வினிகரைப் பார்ப்பதே அபூர்வம்.

வைக்கும் பை துணிப் பையாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் பைக்குள் போட்டுவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆட்டமே இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை பையைத் திறந்து பாருங்கள்.

பின்சேர்க்கை

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் மூழ்கிய செட்டைக் காப்பாற்ற முடியுமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். முடியும்மா. ஆனால் வினிகருக்கு முன்னால் நல்ல தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊற வைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றுங்கள். குழிகளுக்குள் போன உப்பு மெதுவாகத்தான் வெளியே வரும். துரு எடுத்த பிறகு குண்டைக் காதோரம் வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால் பற்றவைத்த இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது. அந்தக் குண்டை ஆட்டத்துக்கு எடுக்காதீர்கள்.

கொஷொனேயையும் (குறியாக வீசும் அந்தச் சின்ன மரக்குண்டு) வினிகரில் போடலாமா என்று ஒரு தம்பி கேட்கிறார். வேண்டாம். அது 30 மி.மீ. மரக்கட்டை, ஊறினால் பருத்துவிடும், காய்ந்தால் வெடிக்கும். ஈரத் துணியால் துடைத்து நிழலில் வையுங்கள். வண்ணம் போய்விட்டால் மெல்லிசாக எனாமல் ஒரு கோட் அடிக்கலாம், மண்ணில் தூரத்திலிருந்து தெரியும். 10 முதல் 18 கிராமுக்குள் எடை நிற்கிறதா என்று அளவுத் தராசில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.