குமிழில் கை வைக்கும் முன்

எனக்கு சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷினான ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வீட்டுக்கு வந்த முதல் மாதம், ஒரு ராத்திரி மூச்சு வாங்கியது. பதறிப்போன மகன், நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டரில் இருந்த குமிழை நாலுக்குத் திருப்பிவிட்டான். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரில் 98 சதவீதம் வந்ததும் அவனுக்கு நிம்மதி. காலையில் எனக்கோ மண்டையைப் பிளக்கும் தலைவலி. கேட்டதற்குப் பதில் சொல்லக்கூட முடியாத தூக்கக் கலக்கம்.

எங்களில் சிலருக்கு ஆக்சிஜன் அளவுக்கு மிஞ்சினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. காற்று சரியாகப் போகாத நுரையீரல் பகுதிக்கு உடம்பு ரத்தத்தைக் குறைத்துத்தான் அனுப்பும். கூடுதல் ஆக்சிஜன் அந்தச் சிக்கனத்தைக் கெடுத்துவிடுகிறது. மூச்சு விடும் உந்துதலும் கொஞ்சம் மந்தமாகிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இதைக் காட்டாது, அதற்குத் தெரிந்தது ஆக்சிஜன் மட்டும்தான். எனக்குக் குறித்துக் கொடுத்த ஆக்சிஜன் இலக்கு 88 முதல் 92 சதவீதம். உங்கள் இலக்கை மருத்துவரிடம் கேட்டு, எழுதி, மெஷின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

சரி, மூச்சு வாங்கினால் என்ன செய்வது? எங்களுக்குச் சிக்கலே பழைய காற்று வெளியே போகாமல் உள்ளே அடைபடுவதுதான். அதனால் இழுக்கப் போராடாமல், முதலில் விடுங்கள். நான் நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொள்வேன். தோள் தளர வேண்டும். வாயை மூடி மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, விசில் அடிப்பதுபோல உதட்டைக் குவித்து நாலு எண்ணும் வரை விடுவேன். விளக்குச் சுடர் அணையாமல் ஆடுகிற அளவுக்கு ஊதினால் போதும். (கற்பனை விளக்குதான்! ஆக்சிஜன் ஓடும் இடத்தில் அடுப்பு, தீக்குச்சி, பீடி, சிகரெட் எதுவும் கூடாது.) மூச்சை முக்கி வெளியே தள்ளாதீர்கள், மூச்சுக்குழாய்கள் இன்னும் சுருங்கும். நிதானத்துக்கு வர எனக்குச் சில நிமிடமாவது ஆகும். நன்றாக இருக்கும்போதே தினமும் பழகாவிட்டால், திணறும் நேரத்தில் இது கைகொடுக்காது.

படி ஏறும்போது, நின்று மூச்சை இழுத்து, விட்டுக்கொண்டே ஏறுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறுவதுதான் நான் வருடக்கணக்கில் செய்த தப்பு.

வீட்டில் தொடர்ந்து ஆக்சிஜன் வைத்துக்கொள்ளச் சொன்னால், பெரும்பாலும் நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் என்று அர்த்தம். திணறும்போது மட்டும் மாட்டிக்கொள்வதில் தொடர்ந்து வைப்பதன் பலன் கிடைக்காது. மூக்கு காய்ந்தால் வாசலின் வேண்டாம், தண்ணீரில் கரையும் களிம்பு போதும்.

உதடு நீலம் பாய்ந்தால், ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாவிட்டால், எழுப்பியும் தெளியாத மயக்கம் இருந்தால், மூச்சுப் பயிற்சியில் நேரம் கடத்தாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வருகிறவர்களிடம் மெஷினில் ஒட்டிய அந்தத் தாளை முதலில் காட்டுவது என் மகன் பொறுப்பு.