பைப்லைன் வேலைக்கு பிம் மாடல்: குழாய் வரைவதற்கு முன்னும் பின்னும்

பிம் (விவரங்களும் சேர்ந்த முப்பரிமாண டிஜிட்டல் மாடல்) முறையில் கட்டட மாடல் போட்டுப் பழகியவர்கள் பைப்லைன் வேலைக்கு வரும்போது குழாய் வரைவதில் திணறுவதில்லை. இடத்திலும் மட்டத்திலும்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் இங்கே பாதி அதைப் பற்றித்தான். சிவில் 3டி (பாதை வரைய), ரெவிட் (கட்டடம் வரைய), நேவிஸ்வொர்க்ஸ் (எல்லா மாடல்களையும் சேர்த்துப் பார்க்க) ஆகிய மூன்று மென்பொருள்களையும் ஓரளவு கையாளத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ஆயத்தொலைவு, உயரம்

ஒரு கோடு போடும் முன்பே சர்வே குழுவிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்: எந்த ஆயத்தொலைவு முறை, எந்த உயர அடிப்படை, எந்த ஜியாய்டு மாடல் (ஜிபிஎஸ் உயரத்தைக் கடல்மட்ட உயரமாக மாற்றப் பயன்படுவது)? ஜிபிஎஸ் நேரடியாகத் தரும் உயரத்துக்கும் கடல்மட்ட உயரத்துக்கும் பல பத்து மீட்டர் வித்தியாசம் வரலாம். அது கண்ணில் பட்டுவிடும். இரண்டு கோப்புகள் இரண்டு ஜியாய்டு மாடல்களில் வந்தால்தான் ஆபத்து. வித்தியாசம் சில சென்டிமீட்டர்களாகவே இருக்கலாம், மாடல் ஒழுங்காகத் தெரியும், குழாய் மேல் மண் மூடல் மட்டும் குறைந்திருக்கும்.

நீளமும் அப்படித்தான். யூடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்துத் தட்டையாகக் காட்டும் வரைபட முறை) மண்டலத்தின் நடு தீர்க்கரேகையில் அளவுக் காரணி 0.9996. அங்கே தரையில் 10 கிலோமீட்டர் தூரம் கிரிட்டில் (வரைபடக் கட்டத்தில்) 4 மீட்டர் குறைவாக வரும். செயினேஜ் (பாதையின் தொடக்கத்திலிருந்து அளக்கும் தூரம்) தரை நீளமா, கிரிட் நீளமா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

சரிபார்க்க, மூன்று கண்ட்ரோல் பாயிண்டுகளில் (இடமும் உயரமும் துல்லியமாகத் தெரிந்த சர்வே புள்ளிகளில்) ஒவ்வொரு கோப்பிலும் ஒரு சிறு கம்பம் வையுங்கள். நேவிஸ்வொர்க்ஸில் எல்லாவற்றையும் சேர்த்ததும் கம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். விழவில்லையா, கோப்பைக் கையால் நகர்த்தி ஒட்டவைக்காதீர்கள். மூலக் கோப்பில் திருத்தச் சொல்லுங்கள்.

படி 2: குழாய்

சிவில் 3டியில் அலைன்மென்ட் (மேலிருந்து பார்க்கும் பாதைக்கோடு), ப்ரொஃபைல் (பாதை நெடுக உயரம்), அப்புறம் பிரஷர் நெட்வொர்க் (அழுத்தக் குழாய்களுக்கானது). சாதாரண பைப் நெட்வொர்க் சாக்கடை போலத் தானாக ஓடும் குழாய்களுக்கானது. எண்ணெய், எரிவாயு, அழுத்தக் குடிநீர்க் குழாய்களுக்கு அதை எடுக்காதீர்கள். வெளிவிட்டத்தையும் பாருங்கள். பெயரளவில் 12 அங்குல எஃகுக் குழாயின் வெளிவிட்டம் 323.9 மில்லிமீட்டர். அதற்கு மேல் பூச்சின் தடிமனையும் கூட்டுங்கள்.

பம்ப் நிலையம், வால்வு நிலையம் இவற்றுக்கு மட்டும் ரெவிட் போதும். நீண்ட பாதையை அதில் இழுப்பதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

படி 3: மோதல் சோதனை

குழாயும் கேபிளும் நேரடியாக இடித்தால்தான் காட்டும் ஹார்ட் கிளாஷ் மட்டும் போதாது. கிளியரன்ஸ் சோதனையும் ஓட்டுங்கள்; இடைவெளி அளவைத் திட்ட விவரக்குறிப்பிலிருந்து எடுங்கள். மண்ணுக்கடியில் ஏற்கெனவே இருப்பவற்றில் எது தோண்டிப் பார்த்தது, எது பழைய வரைபடத்திலிருந்து வந்தது என்று நிறம் பிரித்துக் காட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே நம்பிக்கை வைக்க முடியாது.

படி 4: களத்திலிருந்து திரும்பி வருவது

குழாயைப் பள்ளத்தில் இறக்கியபின், மண் மூடும் முன், ஒவ்வொரு வெல்டிலும் குழாயின் மேல்மட்டத்தை அளக்க வேண்டும். வெல்டு எண், குழாய் எண், ஹீட் எண் (எஃகு உருக்கிய தொகுதியின் எண்) மூன்றையும் அந்தப் புள்ளியோடு மாடலில் சேருங்கள். மண் மூடிய பிறகு இதைத் தேடிப் பிடிக்கவே முடியாது.

பின்சேர்க்கை: ரெவிட்டில் நிலையம் நடுங்கித் தெரிகிறது, கோடுகள் உடைகின்றன என்று சிலர் எழுதியிருந்தார்கள். ரெவிட்டின் உள் மூலப்புள்ளியிலிருந்து 16 கிலோமீட்டருக்கு மேல் விலகினால் அப்படி ஆகும். மாடலை மூலப்புள்ளிக்கு அருகிலேயே வைத்து, உண்மையான இடத்தை ஷேர்டு கோஆர்டினேட்ஸ் (எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவான ஆயத்தொலைவு) வழியாகக் கொடுங்கள். ஏற்றுமதி செய்யும்போதும் ஷேர்டு என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.