சொலிசிட்டர் நீங்கள் வாங்கும் வீட்டைப் பார்ப்பதே இல்லை

இங்கிலாந்தில் முதல்முறை வீடு வாங்கும் நம்மவர்கள் பலருக்கு இது கடைசிவரை தெரிவதில்லை. உங்கள் சார்பில் சட்ட வேலை பார்க்கும் சொலிசிட்டரோ லைசென்ஸ்டு கன்வேயன்ஸரோ பொதுவாக அந்த வீட்டு வாசல் பக்கம்கூடப் போகமாட்டார். அவர் கையில் இருப்பது நிலப் பதிவேட்டின் நகல், அதன் வரைபடம், விற்பவர் நிரப்பிய படிவங்கள், கவுன்சிலும் தண்ணீர் கம்பெனியும் அனுப்பிய தேடல் (search) முடிவுகள், அவ்வளவுதான். வீட்டுக்குள் போய்ப் பார்த்தவர் நீங்கள். காகிதத்தில் இருப்பதும் கண்ணால் கண்டதும் ஒத்துப்போகிறதா என்று சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் வாங்கிய வீட்டில் சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டி, நடுச்சுவர் ஒன்றையும் எடுத்திருந்தார்கள். முதல் நாளே கவனித்தேன், ஆனால் சொலிசிட்டருக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். பத்தாவது வாரத்தில் பேச்சோடு பேச்சாக அது வெளியே வந்தபோதுதான், அந்த வேலைக்குக் கட்டட விதிமுறைச் சான்றிதழே இல்லை என்று தெரிந்தது. இப்படிப்பட்ட இடத்தில் பெரும்பாலும், கவுன்சில் பின்னால் நடவடிக்கை எடுத்தால் வரும் நஷ்டத்தை ஈடுகட்டும் இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் ஒன்றை எடுத்துவிட்டு மேலே போவார்கள், செலவை விற்பவரே ஏற்பதும் உண்டு. நான் அவசரப்பட்டு, யாரிடமும் கேட்காமல், கவுன்சிலுக்குப் போன் செய்து முகவரியையும் சொல்லி விசாரித்துவிட்டேன். கவுன்சில் காதுக்கு விஷயம் போய்விட்டால் அந்த இன்ஷூரன்ஸ் கிடைக்காது. பிறகு விற்பவர் வேலையை முறைப்படுத்த விண்ணப்பம் போட்டு, ஆய்வாளர் வந்து, எடுத்த சுவருக்குப் பதிலாகப் போட்ட பீம் தெரியும்படி சீலிங்கை உடைத்துப் பார்த்து, சான்றிதழ் கைக்கு வர ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் வாடகையும் கொடுத்து, மோர்ட்கேஜ் ஆஃபர் காலாவதியாகிவிடுமோ என்ற பயத்தோடும் இருந்தோம்.

ஆகவே, வீடு பார்க்கும்போது போனில் படம் எடுங்கள். கூரைக்கடியில் அறையாக மாற்றிய லாஃப்ட், நீட்டிக் கட்டிய பகுதி, மாற்றிய ஜன்னல், பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் முற்றம் வழியாக நடந்து போவது, வேலி வரைபடத்தில் உள்ள இடத்தில் இல்லாதது, எல்லாவற்றையும் சொலிசிட்டருக்கு எழுதி அனுப்புங்கள். கவுன்சிலிடம் எதையாவது கேட்க நினைத்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். இன்னொன்று, அந்த இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் நஷ்டத்துக்குத்தான். பீம் பாரத்தைத் தாங்குமா என்பதற்கு அது பதில் இல்லை, அதற்கு சர்வேயர் வேண்டும்.

சர்வே என்றதும், 'பேங்க்காரன்தான் ஆள் அனுப்பிப் பார்த்தானே' என்பார்கள். அது பேங்க் தன் கடனுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்க்கும் மதிப்பீடு. சில சமயம் ஆளே போகாமல் கம்ப்யூட்டரில் முடித்துவிடுவார்கள். உங்களுக்காகப் பார்க்க வேண்டுமென்றால் ஆர்ஐசிஎஸ் என்ற சர்வேயர் அமைப்பில் உள்ள சர்வேயரைத் தனியாக அமர்த்த வேண்டும். சாதாரண வீட்டுக்கு லெவல் 2 என்ற நடுத்தர சர்வே போதும். பழைய விக்டோரியன் வீடு, நிறைய மாற்றிக் கட்டிய வீடு என்றால் லெவல் 3 என்ற விரிவான சர்வேக்குச் செலவழிக்கத் தயங்க வேண்டாம்.

அடுத்தது, எந்த நாளில் நாம் கட்டுப்படுகிறோம் என்பது. ஊரில் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டுப் பழகியவர்களுக்கு, ஏஜென்ட் 'ஆஃபர் அக்செப்டட்' என்றதும் வீடு நமதாகிவிட்டது போலத் தோன்றும். இங்கே 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம், வீடு விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் செல்லும். அந்த ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் நாள்வரை விற்பவர் கூடுதல் விலை தருபவரிடம் போகலாம், நீங்களும் விலகலாம். எக்ஸ்சேஞ்ச் முடிந்த பிறகு விலகினால், வழக்கமாகக் கொடுக்கும் 10 சதவீத டெபாசிட் போய்விடும். அதனால் வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுப்பது, வேன் பிடிப்பது, பிள்ளையின் பள்ளியை மாற்றுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். வீட்டு இன்ஷூரன்ஸ் மட்டும் எக்ஸ்சேஞ்ச் நாளிலிருந்தே வேண்டும். சாவி கைக்கு வர இன்னும் இரண்டு வாரம் இருந்தாலும், வழக்கமான ஒப்பந்த நிபந்தனைப்படி, தீப்பிடித்தால் நஷ்டம் வாங்குபவருக்கு.

இப்போது நம்மவர்கள் குறிப்பாக மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். ஸ்டாம்ப் டியூட்டியில் முதல்முறை வாங்குபவருக்குச் சலுகை உண்டு. 2025 ஏப்ரல் முதல், விலை 5 லட்சம் பவுண்டுக்குள் இருந்தால் முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை, மீதிக்கு 5 சதவீதம். ஆனால் 'முதல்முறை' என்பது உலகத்தில் எங்குமே, எப்போதுமே வீடு வைத்திருக்காதவர் என்று பொருள். அப்பா இறந்தபின் ஊர் வீட்டில் அண்ணன் தம்பியோடு உங்களுக்கும் ஒரு பங்கு வந்திருக்கலாம். யாழ்ப்பாணத்தில் மனைவி பெயரில் சீதனமாக ஒரு வீடு எழுதிக் கொடுத்திருக்கலாம். காசு கொடுத்து வாங்காவிட்டாலும் இவையும் கணக்கில் வரும். கணவன் மனைவி சேர்ந்து வாங்கினால் ஒருவருக்கு இருந்தாலே இருவருக்கும் சலுகை போய்விடும். அதற்கும் மேலே, வேறு இடத்தில் வீடு இருக்கிறது என்பதால் 5 சதவீதக் கூடுதல் வரியும் வரலாம்.

4 லட்சம் பவுண்டு வீட்டுக்குக் கணக்குப் பாருங்கள். சலுகையோடு 5,000. சலுகை இல்லாமல் 10,000. கூடுதல் வரியும் சேர்ந்தால் 30,000! பங்கின் மதிப்பு 40 ஆயிரம் பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் கூடுதல் வரி வராது என்பது போன்ற விதிவிலக்குகள் உண்டு, ஆகவே பயப்பட வேண்டாம், ஆனால் மறைக்கவும் வேண்டாம். முதல் நாளே சொலிசிட்டரிடம் சொல்லுங்கள். படிவத்தில் பொய்யாக டிக் அடித்தால், பின்னால் வரியோடு அபராதமும் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

பணம் எங்கிருந்து வந்தது என்று அவர் துருவித் துருவிக் கேட்பதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பணமோசடித் தடுப்பு விதிகளின்படி அவர் கேட்டே ஆக வேண்டும். சீட்டு எடுத்த பணம், நகை விற்ற பணம், மாமா தந்த கைமாற்று, ஊர்க் காணி விற்ற பணம், எதுவாக இருந்தாலும் பேங்க் வழியாக, காகிதத்தோடு வரட்டும். பல மாத ஸ்டேட்மென்ட் கேட்பார்கள் என்பதால் வீடு தேடத் தொடங்கும்போதே ஒழுங்கு செய்யுங்கள், கடைசி மாதத்தில் ரொக்கமாகக் கட்டினால் வேலை அங்கேயே நின்றுவிடும். மாமாவின் பணத்தைத் திருப்பித் தருவதாகப் பேசிக்கொண்டு 'அன்பளிப்பு' என்று கடிதம் எழுதி வாங்குவது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது. அது கடன் தரும் பேங்க்கிடம் சொல்லும் பொய், செய்யாதீர்கள்.

ஃப்ளாட் என்றால் பெரும்பாலும் லீஸ்ஹோல்டு, அதாவது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் உரிமை வாங்குவது. லீஸில் எத்தனை ஆண்டு மிச்சம், கட்டடப் பராமரிப்புக்கான சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு, பெரிய பழுது வேலை ஏதும் வரப்போகிறதா, நில உரிமையாளருக்குக் கட்டும் கிரவுண்ட் ரென்ட் எப்படி ஏறும் என்பதை ஆஃபர் போடுமுன்பே ஏஜென்டிடம் கேளுங்கள். 80 ஆண்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட லீஸ் என்றால் நீட்டிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

டெபாசிட் அனுப்பும் நாளில் இன்னும் கவனம் வேண்டும். 'எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது' என்று சொலிசிட்டர் பெயரிலேயே இமெயில் வரும், அது திருடன் அனுப்பியது. ஆரம்பத்தில் வாங்கி வைத்த நம்பருக்கு நீங்களே போன் செய்து, கணக்கு எண்ணை ஒவ்வொரு எண்ணாகப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு அனுப்புங்கள்.

அப்புறம், சாவி வாங்கிவிட்டோம் என்று கோப்பை மூடிவிடாதீர்கள். 14 நாளுக்குள் ஸ்டாம்ப் டியூட்டி படிவம் போக வேண்டும், அதன்பின் நிலப் பதிவேட்டை வைத்திருக்கும் எச்எம் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பெயர் மாற வேண்டும். அந்தப் பதிவின் நகல் வந்ததும் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நம் பெயர்களில் அப்பா பெயர் எது, சொந்தப் பெயர் எது, இனிஷியல் எங்கே என்பதில் இங்கே உள்ளவர்களுக்குக் குழப்பம் வரும். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் பதிவில் வேறு மாதிரியும் இருந்தால் அந்த வாரமே சொலிசிட்டருக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள்.