மடங்காத சின்னக் கத்தி: முதல்முறை வாங்குகிறவர்களுக்கு

எனக்குத் தோட்ட வேலை. சொட்டுநீர்க் குழாய் வெட்ட, உரமூட்டையின் தையல் பிரிக்க, வாழை இலை அறுக்க என்று நாள் முழுக்கக் கத்தி கையில் வேண்டும். மடக்குக் கத்தியின் மூட்டுக்குள் மண்ணும் வாழைக்கறையும் புகுந்துவிட்டால் திறப்பதே பெரும்பாடு, மடங்காத கத்தியை அலசித் துடைத்தால் முடிந்தது.

முதலில் அளவு. அலகு 7 முதல் 9 செ.மீ., கனம் 2 முதல் 3 மி.மீ. போதும். அதைவிடக் கனமான அலகு கொய்யாவை அறுக்காது, பிளக்கும். பிடியில் நாலு விரலும் அடங்குகிறதா என்று கடையிலேயே பிடித்துப் பாருங்கள்.

அடுத்து இரும்பு. லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்துத் தரும் கத்தி அருமையாகக் கூர் ஏறும், ஆனால் மாங்காய் நறுக்கினால் கறுக்கும், ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு எவர்சில்வர் கத்திதான் என் யோசனை. சுவீடனின் மோரா கத்தி விலைக்குத் தகுந்த நல்ல கத்தி, அலகு மட்டும் கொஞ்சம் நீளம், சுமார் 10 செ.மீ.

இப்போது உறை. கத்தியைவிட இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். கத்தியை உறையில் போட்டு, மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறுங்கள். நழுவினால் அந்த உறை வேண்டாம். என்னிடம் ஒரு பழைய தோல் உறை இருந்தது. நனைந்து நனைந்து தொளதொளத்துப் போயிருந்த அதை நான் முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்துக் கத்தியை உருவினேன், கூர்ப்பக்கம் ஓரத்துத் தையலை அறுத்துக்கொண்டு வந்து ஆள்காட்டி விரலில் இறங்கியது, மூன்று தையல். அதனால் கூர் இருக்கும் பக்கத்தில் விரலே போகக் கூடாது. கட்டியான உறையாக வாங்கி, அதன் வாயைக் கட்டைவிரலால் தள்ளினால் கத்தி தானாக விடுபடும், அப்புறம் நேராக உருவுங்கள். திரும்பச் சொருகும்போது பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துச் சொருகுங்கள்.

மாட்டும் இடம் வலது பாக்கெட்டுக்குச் சற்று முன்னால். மாட்டியபடியே குந்திப் பாருங்கள், வண்டியில் உட்கார்ந்து பாருங்கள், முனை தொடையை அழுத்தினால் பெல்ட்டில் படுக்கையாக மாட்டுங்கள். முதுகுத்தண்டின் மேல் மட்டும் வேண்டாம், வழுக்கி மல்லாந்து விழுந்தால் அடி அங்கேதான்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை நம் ஆயுத விதிகள் ஆயுதமாகவே கணக்கில் எடுக்கின்றன, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவை தவிர. நம்முடையது அதில் வராது, ஆனாலும் கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் இடுப்பில் கத்தியோடு போகாதீர்கள். விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது. வேலை முடிந்து டவுனுக்குக் கிளம்பும்போது நான் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுவேன்.

ராத்திரி துடைத்து, இரும்புக் கத்தியாக இருந்தால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே காயவிடுங்கள். காகிதத்தை அறுக்கும்போது பிசிறடித்தால் சாணைக்கல்லை எடுக்கும் நேரம் வந்துவிட்டது.