டிவியை மியூட்டில் போட்டுப் பாருங்கள்

டிவியில் காட்சிகளை எப்படி வெட்டி ஒட்டுகிறார்கள் என்று பிடிக்க இரண்டு நிமிடச் செய்தித் துண்டு ஒன்று போதும், யூடியூபில் எடுத்தால் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வசதி. முதல் தடவை மியூட்டில் ஓடவிட்டு, ஷாட் மாறும் ஒவ்வொரு இடத்திலும் தாளில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். இத்தனை வெட்டா என்று இருக்கும். சத்தத்தோடு பார்க்கையில் இதில் பாதிகூடக் கண்ணில் பட்டிருக்காது, ஏனென்றால் குரல் அறுபடாமல் ஓடும், படமும் அதோடு சேர்ந்து ஒரே ஓட்டம் என்று மனசு எடுத்துக்கொள்ளும்.

சரி, அந்தக் கோடுகளைத்தான் இனி நோண்ட வேண்டும். ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 'அதனால்', 'அதைப் பார்த்து' என்று எதையாவது நாமே போட்டு நிரப்பிக்கொள்கிறோம். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறு வருடத்துக்கு முன்பே இதைச் செய்து காட்டியவர். ஒரு நடிகரின் சலனமில்லாத முகம், ஒரு தடவை சூப் கிண்ணத்தோடு, இன்னொரு தடவை சவப்பெட்டியோடு. முன்னதில் பசி தெரியும், பின்னதில் துக்கம், ஆனால் முகம் அதே ஷாட்தான். தலைவர் பேசும்போது கட் பண்ணி, கூட்டத்தில் ஒருவர் கொட்டாவி விடுவதைக் காட்டுகிறார்களா? அந்தக் கொட்டாவி எப்போது விட்டது என்று கேளுங்கள்.

பேட்டிகளில் இது இன்னும் சுலபமாகச் சிக்கும். பேசுபவரின் கையையோ மேஜையில் இருக்கும் பேனாவையோ திடீரென்று குளோசப்பில் காட்டினால், அந்த இடத்தில் பேச்சை வெட்டி ஒட்டியிருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. ஒரே கேமராவில் எடுத்த பேட்டி என்றால் நிருபர் தலையாட்டும் ஷாட் பெரும்பாலும் எல்லாம் முடிந்தபின் தனியாக எடுத்தது. (இதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே பார்த்தால் வீட்டில் ரிமோட்டைப் பிடுங்கிவிடுவார்கள்.)

கூட்டத்தைக் காட்டினால் மேலிருந்து எடுத்த ஷாட் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள். தூரத்தில் நின்று, கிட்டே இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில் எடுத்தால் முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒட்டிக்கொண்டு நிற்பதுபோல் தெரியும், இருநூறு பேர் திருவிழாக் கூட்டம் ஆகிவிடுவார்கள். மூலையில் பொடி எழுத்தில் 'கோப்புக் காட்சி' என்று வந்தால் அது பழைய படம்.

கடைசியாக, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேளுங்கள். யார் நல்லவர், யாரைக் கண்டு பயப்பட வேண்டும் என்று இசை முன்னாலேயே சொல்லிவிடும். காட்டுயிர்ப் படங்களில் அவ்வளவு தூரத்திலிருந்து எடுத்த சிங்கம் எலும்பைக் கடிக்கும் சத்தம் பெரும்பாலும் ஸ்டூடியோவில் பிறகு சேர்த்தது. செய்தியில் அப்படிச் சத்தம் சேர்த்தால் மோசடி என்று கத்துவோம், பின்னணி இசை போட்டால் மட்டும் ஏனோ விட்டுவிடுகிறோம்.