காரின் உயரத்தைக் கூட்டப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வேகத்தடையில் அடி தட்டுகிறது என்று ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் மேல் ஸ்பேசர் என்ற இடைத்துண்டை வைத்துக் காரைத் தூக்குவதை இப்போது பலர் வீட்டு வாசலிலேயே செய்கிறார்கள். வேலை முடிந்ததும் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி கிடைத்தது என்றுதான் பார்ப்பார்கள். வண்டி நிற்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது என்ன ஆகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலில் உயிர் விஷயம். பானெட்டைத் திறந்தால் ஸ்ட்ரட்டின் தலையில், பல கார்களில் ஓரமாக இரண்டு மூன்று நட்டும் நடுவில் ஒரு பெரிய நட்டும் தெரியும். ஸ்ட்ரட்டை இறக்க ஓரத்து நட்டுகள்தான் கழற்ற வேண்டியவை. அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அந்த நடு நட்டு. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்ற கருவியை மாட்டாமல் அதைக் கழற்றினால் ஸ்பிரிங் பாய்ந்து வரும், ஆளைக் கொல்லும் வேகம் அதற்கு உண்டு. வண்டியோடு தரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் கொடுங்கள், பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

அடுத்தது, விவரம் தெரிந்தவர்களும் அவசரத்தில் செய்வது: சக்கரம் தொங்கும்போதே, சக்கரத்தை வண்டியோடு கீழ்ப்பக்கம் இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ் (ரப்பர் மூட்டு) போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுவது. புஷ்ஷின் ரப்பர் உள்ளே ஒரு இரும்புக் குழாயோடு ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் அந்தக் குழாய் அசையாது. வண்டியைத் தரையில் இறக்கினால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். வண்டி சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு இருந்துகொண்டே இருக்கும், ரப்பர் சீக்கிரமே கிழிந்துவிடும். அதனால் முதலில் லேசாக மாட்டிவிட்டு, எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். அந்த போல்ட்டைத் தொடவே இல்லையென்றாலும், புது உயரத்தில் ஒருமுறை தளர்த்தி இறுக்குவது நல்லது. நைலான் வளையம் உள்ள நட்டுகளைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம், புதிது போடுங்கள்.

ஸ்ட்ரட் தலையில் வைக்கும் ஸ்பேசர் முழு ஸ்ட்ரட்டையும் கீழே தள்ளுகிறது. ஆகவே சக்கரம் முன்பைவிடக் கீழே தொங்கும். பிரேக் ஆயில் போகும் ஹோஸ், சக்கர வேகத்தை அறியும் ஏபிஎஸ் ஒயர், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் மூன்றும் அந்த நீளத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். முன்சக்கரம் இரண்டையும் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். ஹோஸ் விறைத்து நின்றால் அந்த ஸ்பேசர் உங்கள் வண்டிக்கு ஆகாது.

ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பரை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். செருகிய இடம் வேலை செய்யாது, அது அமுங்க வேண்டிய அளவையும் மற்ற சுற்றுகளே ஏற்க வேண்டும். உயரத்தைக் குறைக்க ஸ்பிரிங்கை கேஸ் கட்டரால் வெட்டுவது இன்னும் மோசம்.

உயரம் மாறினால் வீல் அலைன்மென்ட்டும் மாறும், ஹெட்லைட் ஒளி விழும் இடமும் மாறலாம். இரண்டையும் உடனே சரிசெய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் போல்ட்டிலும் சேர்ந்தாற்போல் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் குனிந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் அந்த நட்டு தளர்ந்திருக்கிறது.